வயிற்றோடு பேசியவர்

ஒருவன் குடல் புரள வாந்தி எடுக்கும்போது, பக்கத்தில் நின்று முகம் மலர்ந்த மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பது அதனால்தான். கெட்டவராக இருந்திருந்தால் ஊரே சேர்ந்து ஏசியிருக்கும். நான் தனியாக உட்கார்ந்து இதை எழுத வேண்டியிருக்காது.

தூத்துக்குடியில் அவரைக் கம்பவுண்டர் என்றே சொல்வார்கள். கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் ஒருவருக்குக் கீழே பல வருஷம் வேலை பார்த்தவர். உலக யுத்தம் தொடங்கியதும் ஊருக்குத் திரும்பிவிட்டார். வரும்போது ஒரு தகரப் பெட்டி நிறைய மருந்துப் புட்டிகளும், குடியை நிறுத்த ஒரு வழியும் கொண்டுவந்தார். வழி இதுதான்: குடிகாரனுக்கு வாந்தி வரவைக்கும் பழுப்பு நிற மருந்தைக் கொடுப்பது. அதன் பின்னாலேயே சாராயத்தைக் கொடுப்பது. சற்று நேரத்தில் எல்லாம் வெளியே வரும். இதையே வாராவாரம் செய்தால், பிறகு மருந்து இல்லாமலே சாராய வாடைக்கு வயிறு புரளும், அவன் கடைப் பக்கம் போகமாட்டான் என்பது அவர் கணக்கு.

இப்போது கடைகளைச் சட்டம் மூடிவிட்டது. போன மாதம், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் மதுவிலக்குக் கூட்டம் ஒன்று நடந்தது. பேச வந்த பெரியவர், "நம்ம கம்பவுண்டர் உயிரோடு இருந்திருந்தால் இந்த ஊருக்குச் சட்டமே தேவைப்பட்டிருக்காது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. பக்கத்திலிருந்த ஆசிரியை முழங்கையால் என்னை இடித்தாள். என் கை மடியிலேயே கிடந்தது. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான். கை தட்டுவதற்காகக் கற்கவில்லை.

அவரைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, சித்திரை வெயிலிலும் அப்படித்தான். உப்பளக் காற்றில் ஊரில் எல்லோருடைய துணியும் நைந்து தொங்கும். அவர் சட்டை மட்டும் கஞ்சி மொடமொடப்போடு நிற்கும். யாரிடமும் கூலி வாங்கமாட்டார். பெண்கள் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். புருஷன் அடித்துக் கன்னம் வீங்கிய பெண்ணைக்கூட, ஏன், எதற்கு என்று கேட்டுத் தலைகுனிய வைக்கமாட்டார். "கூட்டிட்டு வாம்மா, பாத்துக்கிடுவோம்" என்பார். அந்தக் குரலைக் கேட்டாலே பாதிப் பேருக்கு அழுகை வந்துவிடும். எங்கள் தெருப் பெண்கள் அவரை நம்பியதில் ஆச்சரியம் இல்லை. அவர்களிடம் அப்படிப் பேசிய ஆண் வேறு யாரும் கிடையாது.

அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "மனசுகிட்ட பேசிப் பிரயோசனம் இல்ல. அது சரி சரின்னு தலையாட்டிட்டு சாயங்காலம் கடைக்குப் போயிரும். வயித்துகிட்ட பேசணும்." இதைச் சொல்லும்போது எதிரே இருப்பவன் வயிற்றைத்தான் பார்ப்பார். முகத்தைப் பார்க்கமாட்டார். யாருடைய முகத்தையும் அவர் அதிக நேரம் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

வைத்தியத்துக்கு வந்தவனின் மனைவியோ மகளோ தெருவில் எதிர்ப்பட்டால், "அவரு எப்படி இருக்காரு?" என்று கேட்பார். நாம் வாய் திறக்குமுன், "நல்லா இருப்பாரு, நல்லா இருப்பாரு" என்று அவரே பதிலும் சொல்லிவிட்டு நடந்துவிடுவார். அந்த வேகத்தில் எத்தனை பெண்கள் பாதி வார்த்தையோடு நின்றார்களோ.

வைத்தியம் நடந்தது அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓலைக் கொட்டகையில். வெள்ளைக்கார டாக்டர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்து, கண்ணாடிக் குவளையில் குடிக்கக் கொடுப்பாராம். கம்பவுண்டருக்கு அது போதவில்லை. "கட்டில்ல படுத்தா ஒருத்தன் குடிக்கான்? கடையில எப்படியோ அப்படியே இருக்கணும். அப்பதான் வயித்துக்குப் புரியும்" என்பார். தரையில் மணல் பரப்பினார். கடையில் கிடப்பது போன்ற கிழிந்த பாயைப் போட்டார். சாராயத்தைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றினார். கடையில் தொட்டுக்கொள்ள என்ன கொடுப்பார்களோ அதையும் வைத்தார்: அடுப்புத் தணலில் சுட்ட சாளைக் கருவாடு. டாக்டருக்கே தோன்றாத புத்தி என்று இதைப் பற்றி அவருக்குப் பெருமை. வருகிறவர்களுக்கெல்லாம் அந்த அடுப்பைக் காட்டுவார்.

குடிகாரர்களுக்கு அது நல்ல வேடிக்கை. "ஏலே, ஓசிச் சாராயம் வேணுமா? கம்பவுண்டர் கொட்டகைக்குப் போ. குடிச்சதத் திருப்பிக் குடுத்துட்டு வந்துரணும், அவ்வளவுதான்" என்று துறைமுகக் கூலிகள் கத்துவார்கள். அவர் கோபப்படமாட்டார். குடியை விட்டவனின் சிரட்டையைக் கயிற்றில் கோத்துக் கொட்டகை வாசலில் தொங்கவிடுவார். காற்றடித்தால் சிரட்டைகள் ஒன்றோடொன்று இடித்துக் கடகடவென்று பேசும். "ஒவ்வொண்ணும் ஒரு குடும்பம்" என்பார்.

என் அப்பாவின் சிரட்டையும் அதில் தொங்கியது.

அப்பாவுக்குக் கருவாட்டுக் கிட்டங்கியில், சரக்குச் சேர்த்து வைக்கும் கிடங்கில், வேலை. கொழும்புக்குத் தோணியில் போகும் கருவாட்டைத் தரம் பிரித்து மூட்டை கட்டச் சொல்வார். மூட்டையைப் பிரித்து, ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோவார். உப்புப் பிடித்திருக்கிறதா, உள்ளே ஈரம் நிற்கிறதா, கடலைத் தாண்டினால் தாங்குமா என்று சொல்லிவிடுவார். கிட்டங்கி முதலாளி அவருடைய மூக்கை நம்பித்தான் சரக்கு ஏற்றினார். வேலை முடிந்ததும் நேரே சாராயக் கடை. அவர் அடிக்கிறவர் இல்லை. விழுகிறவர். கடை வாசலில், சாக்கடை ஓரத்தில், ஒருமுறை மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில். அம்மா போய்த் தூக்கி வருவாள். அதையெல்லாம் மூடி மறைத்து எழுத எனக்கு மனமில்லை. அப்பா குடிகாரர். அது உண்மை. ஆனால் விடிந்தால் எழுந்து குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, கிட்டங்கிக்குப் போகிற குடிகாரர். அதுவும் உண்மை.

நான் நாசரேத்தில் போர்டிங்கில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த சமயம். விடுமுறைக்கு வந்த அன்று அம்மா சொன்னாள், "ஏளா, உங்கப்பாவைக் கம்பவுண்டர் அண்ணாச்சிகிட்ட கூட்டிட்டுப் போகப் போறேன். நீயும் வா. நீ வந்தா மாட்டேன்னு சொல்ல மாட்டாவ."

அப்பாவுக்கு விருப்பம் இல்லை. என் முகத்துக்காக வந்தார். கொட்டகைக்குள் பெண்களை விடுவதில்லை. நானும் அம்மாவும் ஓலைத் தட்டிக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். ஓலை இடுக்கில் எல்லாம் தெரிந்தது. மருந்து கொடுத்தார். சிரட்டையில் சாராயம் கொடுத்தார். அப்பா குடித்து முடித்ததும், தணலில் சுட்ட கருவாட்டைப் பிய்த்துத் தன் கையாலேயே கொடுத்தார். "கடியும்வே. நல்லா மென்னு தின்னும்."

அப்பா மென்றுகொண்டிருக்கும்போதுதான் மருந்து வேலை செய்தது.

அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. அப்பா இரண்டு கையாலும் மணலைப் பற்றிக்கொண்டு குனிந்தார். கம்பவுண்டர் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். "கக்கும்வே, கக்கும். வெளிய போகட்டும்." முடிந்ததும் தன் தோள் துண்டாலேயே அப்பாவின் வாயைத் துடைத்தார். அந்த வெள்ளைச் சட்டையில் தெறித்திருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தார். பரிசு வாங்கிய சிறுவன் போல முகம் பூத்திருந்தது. "கேட்டுட்டாரும்மா, வயிறு கேட்டுட்டாரு" என்றார். வயிற்றுக்குக்கூட மரியாதை கொடுத்துப் பேசினார்.

விடுமுறை முழுவதும் ஞாயிறுதோறும் இது நடந்தது. கடைசி ஞாயிறு சாராயத்தைச் சிரட்டையில் ஊற்றும்போதே அப்பா குமட்டிக்கொண்டு எழுந்து ஓடினார். அம்மா அங்கேயே கம்பவுண்டர் காலில் விழுந்தாள். அவர் பதறிப்போய், "எந்திம்மா, எந்தி, நான் யாரு" என்று பின்னால் நகர்ந்தார். அன்று எனக்கும் அவர் காலில் விழத் தோன்றியது. அப்பா குடியை விட்டுவிட்டார் என்று போர்டிங்கில் என் தோழிகளிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன்.

கிட்டங்கியில் நடந்ததை அம்மா அடுத்த விடுமுறையில்தான் சொன்னாள்.

கடைசி ஞாயிறுக்கு மறுநாள் அப்பா வழக்கம்போல வேலைக்குப் போயிருக்கிறார். மூட்டையைப் பிரித்து, ஒரு கருவாட்டை மூக்கருகே கொண்டுபோயிருக்கிறார். அடுத்த நிமிஷம் வாசலுக்கு ஓடி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி. மூட்டை தூக்கும் பெண்கள் சிரித்திருக்கிறார்கள். "என்ன அண்ணாச்சி, மசக்கையா? எத்தன மாசம்?" அப்பாவும் சிரித்துவிட்டுத் திரும்ப உள்ளே போயிருக்கிறார். திரும்பவும் வாந்தி. மறுநாளும் அப்படியே. கிராம்பைத் துணியில் முடிந்து மூக்கில் கட்டிக்கொண்டு போனார். வாந்தி நின்றது, ஆனால் கருவாட்டு வாடையும் நின்றுபோனது. வாடை தெரியாமல் எதைத் தரம் பிரிப்பது? துணியை அவிழ்த்தால் குடல் புரளும். கட்டினால் மூக்கு செத்தது. அப்படிக் கட்டிக்கொண்டு அனுப்பிய சரக்கு ஒன்று கொழும்பில் புழுத்துப்போய் இறங்கியது.

முதலாளி கெட்டவர் இல்லை. "உடம்பைச் சரிபண்ணிட்டு வாரும். அடுத்த தோணிக் காலம் வரைக்கும் உம்ம இடத்துல யாரையும் வைக்கமாட்டேன்" என்று சொல்லியிருந்தார். அந்தக் கெடுதான் எங்கள் வீட்டில் எல்லோர் தலையிலும் ஏறி உட்கார்ந்திருந்தது. கடல் அடங்கித் தோணிகள் மறுபடி கிளம்பும் காலத்துக்குள் அப்பாவுக்கு மூக்கு திரும்ப வேண்டும். இல்லையென்றால் வேலை இல்லை.

அம்மா வீட்டில் மீன் சட்டியையே எடுத்து ஒதுக்கிவிட்டாள். வீட்டில் எடுத்தால் போதுமா? தூத்துக்குடியில் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் மீன்தான். அடுத்த வீட்டில் குழம்பு கொதித்தால் அப்பா எழுந்து தெருக்கோடிக்குப் போய் நிற்பார். கடற்கரைப் பக்கம் போவதையே விட்டார். பேச்சு குறைந்தது.

அப்புறம் ஒருநாள் அவரைக் கடை வாசலிலிருந்து தூக்கி வந்தார்கள்.

சாராயத்தின் மேல் வந்த குமட்டல் மெல்ல மெல்லப் போய்விட்டது. ஒரு மிடறு, கொஞ்ச நாள் கழித்து இன்னொரு மிடறு என்று முயன்று பழையபடி குடிக்கத் தொடங்கிவிட்டார். தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக்குப் பதில் உப்பிட்ட மாங்காய்க் கீற்று. கருவாட்டின் மேல் வந்த குமட்டல் மட்டும் இம்மியும் குறையவில்லை. எனக்கு உடனே புரிந்தது. இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். வாந்தி வந்த நேரத்தில் அப்பாவின் வாயில் இருந்தது எது? சாராயம் உள்ளே போய்விட்டது. பல்லுக்கிடையில் இருந்தது கருவாடு. வயிறு அதைத்தான் பிடித்துக்கொண்டது. கடையைப் போலவே இருக்க வேண்டும் என்று அந்தக் கருவாட்டைச் சுட்டு வைத்தது கம்பவுண்டர். கருவாட்டால் பிழைக்கிற ஊரில், கருவாட்டால் பிழைக்கிற மனிதருக்கு.

நானும் அம்மாவும் அவரிடம் போனோம். வழக்கம்போல எழுந்து நின்றார். "அவரு எப்படி இருக்காரு? நல்லா..."

"நல்லா இல்ல" என்றேன். அவர் பேச்சை யாரும் அப்படி வெட்டியதில்லை போலும். திகைத்துப் போய் என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கருவாட்டை, கிட்டங்கியை, மறுபடி குடிப்பதை.

பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "திரும்பக் குடிச்சாருன்னா அது அவரு மனசு, பிள்ளே. நான் வயித்துக்குத்தான் வைத்தியம் பண்ணுதேன். மனசு உறுதி இல்லாதவனை யாரு என்ன செய்ய முடியும்?" என்றார்.

"எங்க தெரு வண்டிக்காரரு குடியை விட்டாரே, அது அவரு மனசா, உங்க மருந்தா?"

"அது மருந்து" என்றார், சற்றும் யோசிக்காமல்.

விட்டால் அவர் மருந்து. விடாவிட்டால் எங்கள் அப்பாவின் மனசு. இந்தக் கணக்கில் அவர் ஒருநாளும் தோற்கவே முடியாது. மனதோடு பேசிப் பயனில்லை என்று ஊர் முழுக்கச் சொன்ன மனிதர், பழி போடுவதற்கு மட்டும் மனதைத் தேடிப் பிடித்தார். வண்டிக்காரர் குடியை விட்டது உண்மைதான், மறுக்கவில்லை. அவர் மகள் காய்ச்சலில் செத்தபோது குடித்துக் கிடந்தவர். அந்த வாரமே தானாக நடந்து கொட்டகைக்கு வந்தார். அப்படித் தானாக வந்த சிலர் விட்டார்கள். அவர்கள் மருந்து இல்லாமலே விட்டிருப்பார்களோ என்னவோ, யாருக்குத் தெரியும்? இழுத்து வரப்பட்டவர்களில் பலர் மறுபடி குடிக்கப் போனதை நானே கடை வாசலில் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய சிரட்டைகளும் கயிற்றில் ஆடிக்கொண்டுதான் இருந்தன.

"எங்கப்பா சிரட்டையைக் கழட்டுங்க" என்றேன்.

"அது எதுக்கு? அன்னைக்கு அவரு விட்டாருல்லா? அது பொய்யா?" என்றார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "பெரியவாகிட்ட எதிர்த்துப் பேசாதளா, வா." அம்மாவுக்கு அப்போதும் அவர் மேல் நம்பிக்கை போகவில்லை. வழியெல்லாம், படித்த திமிர் என்று என்னைத்தான் ஏசிக்கொண்டு வந்தாள். திமிர்தான். அந்தத் திமிருக்குத்தான் போர்டிங்கில் கேழ்வரகுக் கூழ் குடித்துப் படித்தேன்.

தோணிக் காலம் நெருங்கியது. கிட்டங்கியில் மூட்டைச் சாக்குகள் வந்து இறங்கத் தொடங்கிவிட்டன. அப்பா காலையில் கிட்டங்கித் தெரு முனைவரை போய் நிற்பார், திரும்பி வருவார். ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் போய் நின்று பார்க்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

அப்போதுதான் கம்பவுண்டர் எங்கள் வீட்டுக்கே வந்தார். வைத்தியம் பார்த்த யார் வீட்டுக்கும் அவர் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அம்மா பரபரத்துப் போய்ப் பாயை விரித்தாள். அவர் உட்காரவில்லை. கையில் அந்தத் தகரப் பெட்டி இருந்தது. முகத்தில் புது உற்சாகம்.

"வே, யோசிச்சுப் பார்த்தேன். உம்ம மக சொன்னதுல ஒண்ணு சரிதான். கருவாட்டை எடுத்தாச்சு. இனிமே யாருக்கும் கருவாடு கிடையாது. வாரும், இன்னொரு சுத்து பார்ப்போம்."

அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அன்று அவர் குடித்திருக்கவில்லை. "கருவாட்டுக்குப் பதிலா தொட்டுக்கிட என்ன அண்ணாச்சி?"

"வறுத்த கடலை."

"அப்ப கடலையும் போச்சு" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. "குடிச்சா என் குத்தம், அண்ணாச்சி. ஒத்துக்கிடுதேன். ஊரறியச் சொல்லுதேன். ஆனா எம் மூக்கு என்ன குத்தம் பண்ணிச்சு? அதைத் திருப்பித் தாங்க. மத்ததை அப்புறம் பார்ப்போம்."

"குடி போயிட்டா எல்லாம் தன்னால சரியாயிரும்."

"தோணி அதுக்குள்ள போயிருமே."

கம்பவுண்டர் அம்மாவின் பக்கம் திரும்பினார். இப்படிப்பட்ட நேரத்தில் பெண்கள்தான் அவருக்குக் கை கொடுப்பார்கள். "நீ சொல்லும்மா. உனக்காகத்தான வந்திருக்கேன்."

அம்மா குனிந்து, விரித்த பாயைச் சுருட்டத் தொடங்கினாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் உங்ககிட்ட கூட்டியாந்தது ஒரு குடிகாரன். காலையில வேலைக்குப் போற குடிகாரன். நீங்க எனக்குத் திருப்பிக் குடுத்தது வேலையில்லாத குடிகாரன். இன்னொரு தடவை குடுத்தா எதைக் கழிச்சுட்டுத் தருவிய? சொல்லுங்க. சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க."

அம்மா இதைக் கத்திச் சொல்லவில்லை. பாயைச் சுவரோரம் சாத்தி வைத்துக்கொண்டே சொன்னாள். படித்தவள் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தைகள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளுடைய வார்த்தைகள். இத்தனை ஞாயிறுகள் ஓலைத் தட்டிக்கு வெளியே உட்கார்ந்து அவள் சம்பாதித்தவை.

கம்பவுண்டர் கழுத்துப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அப்பாவின் முகத்தைப் பார்த்தார். இனி ஏதாவது சொல்வார், தெரியாமல் செய்துவிட்டேன் என்றாவது சொல்வார் என்று நான் காத்து நின்றேன். அதைச் சொல்லியிருந்தால் இன்று நான் அந்தக் கூட்டத்தில் கை தட்டியிருப்பேன்.

அவர் பார்வை கீழே இறங்கி அப்பாவின் வயிற்றில் வந்து நின்றது. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, அப்பாவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். பழைய கனிவோடு, பழைய மெல்லிய குரலில் சொன்னார்:

"சரி, அதெல்லாம் இருக்கட்டும். வாயைத் திறயும், நாக்கைப் பார்ப்போம்."

அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் இறுகி மூடியிருந்தன.

"ஆ சொல்லும்வே."

வெளியே கிட்டங்கிப் பக்கமிருந்து கருவாட்டு வாடையோடு காற்று வந்தது. அப்பாவின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. கண்ணில் நீர் கட்டியது. மேலெழுந்ததை அவர் விழுங்கினார். வாயைத் திறக்கவில்லை. கம்பவுண்டர் எழுந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, தெருவில் இறங்கி மறையும்வரை திறக்கவில்லை.